அங்கி கேட்டுப் போன கரை

உடம்பில் இருந்த ஒரு நோயை மறைத்துக்கொண்டுதான் நான் இலங்கைக்குக் கப்பல் ஏறினேன். குருமடத்தில் மூன்றாம் வருடம், மதியச் சாப்பாட்டு மேசையில், நாற்பது பேர் பார்க்க, கையில் பிசைந்த சோற்றோடு விழுந்தேன். விழுந்தது நினைவில் இல்லை. கண் விழித்தபோது அதிபர் சுவாமியார் என் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு இரக்கம். அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. வலிப்பு உள்ளவன் குருவாக முடியாது; அது திருச்சபைச் சட்டம். ஒரு மாதத்துக்குள் இரண்டாம் முறை வந்தது. பெட்டியைக் கட்டச் சொன்னார்கள்.

தூத்துக்குடியில் அப்பா வீட்டில் எட்டு மாதம் இருந்தேன். அந்த எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட வரவில்லை. குணமாகிவிட்டது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். கல்பிட்டிப் பக்கம் ஒரு பிரெஞ்சுச் சுவாமியார் இருக்கிறார், அங்கே குருக்கள் பற்றாக்குறை, அவர் ஒரு வரி எழுதினால் மறைமாவட்டத்தை ஆளும் மேற்றிராணியார் தட்டமாட்டார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் பங்குச் சுவாமியாரிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கினேன். அதில் என் லத்தீன் இருந்தது, ஒழுக்கம் இருந்தது, நோய் இல்லை. வேண்டுமென்றே விட்டாரா, மறந்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

இரண்டு கரையையும் ஒரே ராஜாதான் ஆண்டார். ஆனாலும் என் தகரப் பெட்டியை மூன்று இடத்தில் திறந்து பார்த்தார்கள். புத்தளத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் காற்றில் உப்பு. எங்கள் ஊர் உப்பளத்துக் காற்றேதான். கண்ணை மூடிக்கொண்டால் வித்தியாசம் தெரியாது. நிலையத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் தேநீர்க் கடை. பால் இல்லாத தேநீரைக் கையில் கொடுத்து, உள்ளங்கையை நீட்டச் சொல்லி அதில் சீனியைக் கொட்டினார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். பக்கத்தில் இருந்தவர் தன் சீனியை ஒரு நக்கு நக்கி, ஒரு மிடறு குடித்துக் காட்டினார். நானும் அப்படியே செய்தேன். மிச்சச் சீனி நாள் முழுக்க விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

களப்பை, எங்கள் ஊர்ச் சொல்லில் காயலை, கடக்க மீரான் நானாவின் பாய்ப்படகு கிடைத்தது. பெரிய தாடி, பல் எல்லாம் வெற்றிலைச் சிவப்பு.

“தம்பி சாமிக்குப் படிக்கிறவரா?” என்றார்.

“ஆமா” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை!

பாதி வழியில் படகு சேற்றில் ஏறி நின்றுவிட்டது. சுற்றிலும் பார்க்கும் தூரத்துக்குத் தண்ணீர், ஆழம் முழங்கால்தான்.

“எறங்குங்க தம்பி. சப்பாத்தக் கழட்டிட்டு எறங்குங்க. தள்ளாட்டி பொழுதுபட்டு மஃரிபு தொழுற வரைக்கும் இங்கதான்” என்றார் நானா.

குருவின் அங்கியோடு இறங்கும் கரை என்று கனவு கண்டிருந்த நான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். ஒரு மணி நேரம் தள்ளினோம். படகு நகர்ந்ததும் மீரான் நானா கை கால் கழுவிக்கொண்டு, சுக்கானை என் கையில் கொடுத்து, “சும்மா பிடிச்சிக்கிட்டு இரிங்க, அது தன்பாட்டுல போவும்” என்று பலகைமேல் தொழ நின்றுவிட்டார். எனக்குப் படகு ஓட்டத் தெரியாது என்று சொல்லவும் இடம் இல்லை. தொழுது முடித்துத் திரும்பியவர் எங்கள் போக்கைப் பார்த்துச் சிரித்தார். புத்தளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

எத்தாளையில் இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்து, மிளகாய்த் தோட்டங்களுக்கு நடுவே மணலில் நடந்து, பொழுது சாயும் நேரத்தில் ஆலங்குடா சேர்ந்தேன். கிடுகு வேய்ந்த கோயில். அதை ஒட்டி சுவாமியாரின் அறை, பூட்டியிருந்தது. கோயில் காரியம் பார்க்கும் சூசை மூப்பர் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பாணும் மீன் குழம்பும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார்கள். எங்கள் ஊரில் ரொட்டி என்பது காய்ச்சல்காரன் தின்பது. இங்கே அதைக் குழம்பில் முக்கி வீடே கொண்டாடித் தின்கிறது. தேங்காய் இல்லாத கறி இந்த நாட்டில் எங்காவது உண்டா என்று அந்தப் பயணம் முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை.

“சுவாமி எங்கே?” என்று கேட்டேன்.

“சுவாமிக்கு வருத்தம். ரெண்டு நாளில வருவார்” என்றார் மூப்பர்.

“ஐயோ, என்ன வருத்தம்? யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?”

வீடே சிரித்தது. “காய்ச்சல், தம்பி. நாங்கள் உடம்பு வருத்தத்தச் சொல்லுறம்” என்றார். நோய்க்கு அவர்கள் சொல்லும் சொல் அது. எங்கள் ஊரில் மனம் நோவதுதான் வருத்தம். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் மாலை செபமாலை சொல்ல என்னை முன்னால் நிறுத்தினார் மூப்பர். லத்தீனில் ஒரு மன்றாட்டும் பாடினேன். பெண்கள் என்னைச் ‘சின்னச் சுவாமி’ என்று கூப்பிட்டார்கள். அது என் காதில் தேனாக விழுந்தது. வேண்டாம், அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் மாட்டுவண்டியில் சுவாமியார் வந்து சேர்ந்தார். காய்ச்சலில் வற்றிப்போன உடம்பு, சுருட்டுப் புகையில் மஞ்சளான தாடி, தோளில் கம்பளி. பேச்சு மட்டும் அந்தக் கரைப் பேச்சு. கண்ணை மூடிக் கேட்டால் பிரான்ஸ்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.

“குருமடத்த ஏன் விட்டனீ?”

“வீட்டில் கஷ்டம், சுவாமி. அப்பாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் தேவைப்பட்டது.”

“இப்ப தேவையில்லையோ?”

“தம்பி தலையெடுத்துவிட்டான்.”

எனக்குத் தம்பியே கிடையாது.

“நல்லது. உனக்கு வருத்தம் ஏதும் உண்டோ?”

அந்தச் சொல் இங்கே எதைக் குறிக்கும் என்று முந்தாநாள்தான் ஒரு வீடே சிரித்து எனக்குச் சொல்லித் தந்திருந்தது. ஆனாலும் எங்கள் ஊர் அர்த்தத்துக்குள் போய் ஒளிந்துகொண்டு, “வருத்தம் ஒன்றும் இல்லை, சுவாமி” என்றேன். எங்கள் ஊர் அர்த்தத்தில் பார்த்தாலும் அது பொய்தான். எட்டு மாதமாக எனக்கு வருத்தத்தைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

அவர் நம்பினார். அன்றைக்கே மேற்றிராணியாருக்குக் கடிதம் எழுதி, என் கண்முன்னே மடித்துத் தன் செபப் புத்தகத்துக்குள் வைத்தார். நாளைக்கு அடுத்த ஊருக்குப் பூசை வைக்கப் போகிறேன், இரண்டு நாளில் திரும்பியதும் அதைக் கொண்டு கிளம்பலாம் என்றார். நான் அன்று மத்தியானம் மூன்று பேர் சோற்றைத் தின்றேன். பிறகு கடற்கரையில் நெடுந்தூரம் நடந்தேன். கடவுளுக்கு நன்றி சொன்னேன். கொஞ்சம் அவசரமாகச் சொன்னேன். கடைக்காரன் தப்பாக அதிகம் நிறுத்துவிட்டால் சட்டென்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகர்வோமே, அப்படி.

நான்காம் நாள் சாயங்காலம் கரையோர மீன்வாடிகளில் செபமாலை. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஓய்ந்த பருவம். வேறு ஊர்களிலிருந்து வந்து குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர். எல்லோரும் மணலில் முழங்காலில் இருந்தார்கள். செபமாலையின் ஐந்து தேவரகசியங்களில் மூன்றாவதைச் சொல்லும்போது என் வாயில் செம்பைக் கடித்தது போல ஒரு சுவை வந்தது. அந்தச் சுவை எனக்குத் தெரியும். இரண்டு தடவை வந்திருக்கிறது. ‘இங்கே வேண்டாம், ஆண்டவரே, இங்கே வேண்டாம்’ என்று நினைத்தது வரைக்கும் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது ஒருக்களித்துக் கிடந்தேன். வாயில் மணலும் ரத்தமும். தலைக்குக் கீழே யாரோ வலையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஒரு பெண் பக்கத்தில் குந்தியிருந்து ஈரத் துணியால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கூச்சல் இருக்கும், ஓடியிருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. செபமாலை நடந்துகொண்டிருந்தது. ஐந்தாம் தேவரகசியத்தில் இருந்தார்கள். நான் விட்ட இடத்திலிருந்து மூப்பர் எடுத்துச் சொல்லி, என்னைச் சுற்றி முழங்காலில் இருந்தபடியே எல்லோரும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“எழும்பாதேங்கோ. முடியட்டும்” என்றாள் அந்தப் பெண்.

அவள் பெயர் மதலேனாள். என் வயதுதான் இருக்கும், அல்லது ஒன்றிரண்டு கூட. மறுநாள் காலையில் விசாரித்துக்கொண்டு அவள் வாடிக்குப் போனேன். சாக்கு விரித்துக் கீரிமீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டு. நன்றி சொன்னேன். அது அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. நான் வந்த காரியம் வேறு.

“சுவாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டாம்” என்றேன்.

“நான் ஏன் சொல்லப்போறன்? உங்கட வாய் உங்களிட்டத்தானே இருக்கு” என்றாள். மீனைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: “அவருக்குத் தெரியாதோ?”

நான் குனிந்து சாக்கின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“என்ர புருசனுக்கும் இதுதான், சந்தியோகுக்கு. கடலுக்குப் போகேக்க தமையன் அவர இடுப்பில கயிறு போட்டுப் பாய்மரத்தோட கட்டிப்போடுவார், வலி வந்தா விழாம இருக்கட்டும் எண்டு. ஒரு நாள் தமையன் வரேல்ல. ‘இண்டைக்கு நல்லாத்தான் இருக்கு’ எண்டு தனியப் போனார். இந்தா, இதிலதான். கரையில நிண்டா முகம் தெரியிற தூரம்” என்று கையை நீட்டிக் காட்டினாள். கடல் அங்கே அசையாமல் கிடந்தது.

“நேர்ச்சை ஒன்றும் வைக்கவில்லையா?” என்று கேட்டேன். கேட்டதும் வெட்கமாக இருந்தது.

“வைக்காமலோ! அன்னம்மாள் கோயிலுக்கு அஞ்சு முறை வெறுங்காலோட நடந்தன். சுகம் தா, சுகம் தா எண்டு. வேற கதையே இல்ல கடவுளோட. சந்தியோகு செத்தாப் பிறகு ஒரு வருசம் கோயில் வாசல் மிதிக்கேல்ல. வீட்டில இருந்து கடவுள ஏசினன். பிறகு ஒரு நாள் இப்பிடித்தான், மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தன். ஏச ஒண்டும் மிச்சம் இல்ல. கேக்கவும் ஒண்டும் இல்ல. ஆனா, அவரோட கதைக்காம இருக்க ஏலாமக் கிடந்தது.” புரட்டின மீனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “சந்தியோகு இல்லாம இருக்கப் பழகிட்டன், தம்பி. கடவுள் இல்லாம இருக்கப் பழகேல்ல. அண்டைக்குத்தான் கண்டன், எனக்கு உண்மையா வேண்டியிருந்தது ஆர் எண்டு.”

“இப்போது எதுவும் கேட்பதில்லையா?”

“கேப்பன். மழை வேண்டாம், மீன் காயட்டும் எண்டு கேப்பன்” என்று சிரித்தாள். “தந்தாத் தரட்டும். காலமை எழும்பினா அவர் இருக்கிறார். எனக்கு அது காணும்.”

‘காணும்’ என்றால் அங்கே ‘போதும்’ என்று பொருள். அவள் அதை ஒரு பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. காகம் விரட்டக் கையை வீசிக்கொண்டேதான் சொன்னாள்.

திரும்பி நடக்கும்போது என் மூளை வேறு ஒரு கணக்குப் போட்டது. சுவாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்கும் தொட்டியில் முழங்காலிட்டு, பாவ அறிக்கையாகச் சொல்லிவிட்டால் என்ன? பாவமும் கழியும், சங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சுவாமியார் வெளியே பயன்படுத்தவும் முடியாது. கடிதம் கடிதமாகவே இருக்கும். இந்த யோசனை வந்ததும் ஒரு கணம் சந்தோஷப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுகணம், நடுமணலில் நின்றுவிட்டேன். கடவுளுக்கு ஊழியம் செய்வதற்காகக் கடவுளின் சங்கீர்த்தனத்தையே பூட்டாகப் பயன்படுத்தப் பார்க்கிறேன். அப்படியானால் நான் விரும்புவது யாரை?

மத்தியானம் கோயிலில் ஆள் இல்லை. போய் மணல் தரையில் உட்கார்ந்தேன். பதினான்கு வயதிலிருந்து எனக்கு இருந்தது ஒரே செபம்: அங்கி தாரும். அதை எடுத்துவிட்டுச் செபிக்கப் பார்த்தேன். வார்த்தையே வரவில்லை. அவரோடு எனக்கு வேறு பேச்சே இருந்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அங்கி இல்லை, அவர் மட்டும்தான் என்றால் உனக்கு வேண்டுமா என்று என்னை நானே கேட்டேன். வேண்டும் என்று சொல்ல நா எழவில்லை. கடைசியில், “நீர் போதும் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. சொல்ல முடியவில்லை. அந்த ஆசையையாவது எடுத்துக்கொள்ளும்” என்றேன். வேறு ஒன்றும் நடக்கவில்லை. கிடுகு இடுக்கால் வெயில் விழுந்தது. ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. ஆனால் நான் நெடுநேரம் அங்கேயே இருந்தேன். அவ்வளவு நேரம் கோயிலில் எழுந்து போக மனமில்லாமல் இருந்தது அதுதான் முதல் முறை.

ஆறாம் நாள் காலையில் சுவாமியார் திரும்பினார். முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்துக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“சுவாமி, ஒன்று சொல்ல வேண்டும்.”

“சங்கீர்த்தனமோ? கை எல்லாம் பசை. கொஞ்சம் பொறு.”

“சங்கீர்த்தனம் இல்லை. இங்கேயே, இப்படியே சொல்ல வேண்டும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். சொன்னேன். வலிப்பு, குருமடம், வாடியில் விழுந்தது, எல்லாம்.

“எத்தின முறை?”

“மூன்று, சுவாமி. மூன்றாவது இங்கே.”

சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, “அப்ப தம்பி?” என்றார்.

“தம்பி இல்லை, சுவாமி.”

“தலையெடுத்த தம்பி?”

“இல்லவே இல்லை, சுவாமி.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகம் மாறிச் சொன்னார்: “நான் அனுப்பியிருப்பன். ஒரு நாள் பூசையில, எழுந்தேற்ற நேரம், தூக்கின பாத்திரத்தோட நீ விழுந்திருப்பாய். அதுக்குப் பிறகு நீ எழும்பியிருக்கமாட்டாய்.” செபப் புத்தகத்திலிருந்து கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் அதைக் கொண்டுபோய் அடுப்பில் சோற்றுப் பானைக்குக் கீழே வைத்தேன். பிடித்து எரிந்தது. உட்கார்ந்து அழுதேன். புகை என்று சொல்லிக்கொள்ளலாம். பொய் சொன்னது போதும். அந்த அங்கியை நான் உண்மையாகவே விரும்பியிருந்தேன். சுவாமியார் உள்ளே வந்து, பானையை இறக்கி இரண்டு பேருக்கும் பரிமாறினார்.

மறுநாள் பஸ். புறப்படுமுன் விடியற்காலைப் பூசை. மூப்பர் பீடத்தருகே வரச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிப் பின்னால் தொழிலாளிகளோடு மணலில் முழங்காலிட்டேன். சிறு வயதிலிருந்தே பூசை காணும்போதெல்லாம் என் கண் குருவின் கையில்தான் இருக்கும். எப்படி விரிக்கிறார், எப்படித் தூக்குகிறார் என்று, என் கையை அந்த இடத்தில் வைத்துவைத்துப் பார்ப்பேன். அன்று சுவாமியாரின் கை எங்கே இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மணி அடித்தது, தலை குனிந்தேன், ஆண்டவர் இருந்தார். என் முறை வந்ததும் போய் தேவநற்கருணை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இது நடந்து வெகுகாலம் ஆகிறது. ஊருக்குத் திரும்பி ஒரு அச்சுக்கூடத்தில் பிழை திருத்தும் வேலைக்குப் போனேன், இன்றும் அதுதான். வலிப்பு வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வருகிறது. குருப்பட்டத் திருநாட்களில் பீடத்தின் முன் வெள்ளை உடுத்தி முகங்குப்புறப் படுத்திருக்கும் இளைஞர்களைப் பார்த்தால் நெஞ்சில் ஒரு குத்து இன்னும் உண்டு. குத்து வரும், போகும். ஆண்டவர் போவதில்லை.

அன்று பூசை முடிந்து எல்லோரும் எழுந்து கடலுக்குப் போய்விட்டார்கள். மூப்பர் என் பெட்டியைச் சாலையோரம் கொண்டுபோய் வைத்துவிட்டார். நான் கோயிலுக்குள் தனியே இருந்தேன். கேட்க வேண்டியது எதுவும் நினைவுக்கு வரவில்லை, தேடவும் இல்லை. வெளியே பஸ் ஹார்ன் அடித்தது. சாரதி மூன்றாம் முறை அடித்த பிறகுதான் எழுந்தேன்.